கழுத்துக்குள் ஓடும் நாடா

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கம்பெனிக்கு லீவு. கப்பல் ஏற வேண்டிய சரக்கு வெள்ளிக்கிழமை போய்விட்டதால் மூன்று வாரத்துக்குப் பிறகு இன்றுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது. காலையில் துணி துவைத்தேன். அம்மா எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கிளறினாள். இருப்பதே இரண்டு பேர், எதற்கு இரண்டு சாதம் என்று கேட்டதற்கு, "ஆளுக்கு ஒண்ணு" என்றாள்.

அம்மாவுக்கு நாலு நாளாகக் கழுத்து வலி. ஓவர்லாக் தையல் மிஷினில் பன்னிரண்டு மணி நேரம் குனிந்தே இருந்தால் யாருக்கும் வரும். எங்கள் பனியன் கம்பெனியில் டீ டைமில் ஒருவர் கழுத்தை ஒருவர் திருப்பி நெட்டி எடுத்துவிடுவது வழக்கம். அதில் பெரிய ஆள் தங்கமணி அக்கா. அம்மாவுக்கு அடுத்த மிஷின். தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள். நாம் அசந்த நேரத்தில் வெடுக்கென்று ஒரு திருப்பு. டக்கென்று சத்தம் வரும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள்.

அம்மா மட்டும் கழுத்தைக் கொடுக்க மாட்டாள். நேற்றும் அக்கா கூப்பிட்டாள். "அமுக்கி வேணா விடு தங்கமணி. திருகிராத. எங்கழுத்து என்ன சோடா மூடியா?" என்றாள் அம்மா. அக்கா சிரித்துக்கொண்டே தோளை மட்டும் அமுக்கிவிட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இன்று தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "தாயி, நீ எடுத்து விடு. உன் கையின்னா பயமில்ல" என்றாள். நான் மாட்டேன் என்றேன். "தெனம் பாத்துக்கிட்டுத்தான இருக்க" என்று என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அக்கா செய்கிற மாதிரியே செய்தேன். பேச்சுக் கொடுக்க மட்டும் எனக்கு வரவில்லை. வலது பக்கம் ஒரு சத்தம், இடது பக்கம் இரண்டு.

"ஏ கள்ளி, பாத்தே படிச்சுக்கிட்டியா" என்றாள்.

மதியம் முழுவதும் நன்றாகத் தூங்கினாள். ஒன்பதாம் வகுப்போடு நான் நின்ற பிறகு, எதையோ படித்துக்கொண்டேன் என்று ஒருவர் சொன்னது இன்றுதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இருநூற்று நாற்பது பேண்ட்டுக்கு நாடா கோர்த்தேன். அம்மாவுக்குக் கழுத்து வலி போய்ப் பின்மண்டையில் வலி. வெயில் என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தையல் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று அம்மா சொன்னாள். ஒரு கட்டு முழுக்கக் கோணலாக ஓட்டிவிட்டாள். மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் வாந்தி. மெடிக்கலில் தலைசுற்றலுக்கு மாத்திரை வாங்கி வந்தேன். கூட்டத்தில் வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டு, எல்லாரும் போகிற வரைக்கும் ஓரமாக நின்றேன். கால் மணி நேரம் போயிருக்கும்.

ரசம் வைத்தேன். நாலு வாய் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை பத்தே முக்காலுக்கு அம்மா மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தங்கமணி அக்காதான் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தாள். "சீனியம்மா, சீனியம்மா" என்று கூப்பிட்டாள். அம்மா ஏதோ சொன்னாள், நாக்குத் தடித்த மாதிரி. எனக்குப் புரியவில்லை. அதுதான் கடைசிப் பேச்சு என்றால் நான் அதை எப்படியாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

108 வந்தது. திருப்பூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். தொடை வழியாக மெல்லிய கம்பி விட்டு மூளைக்குப் போகும் குழாயில் இருந்த அடைப்பை எடுத்தார்கள். எடுத்துவிட்டார்கள், ஆனால் நேரமாகிவிட்டது என்றார்கள். இப்போது அம்மாவின் தொண்டையில் குழாய் இருக்கிறது. மிஷின்தான் மூச்சு விடுகிறது.

இன்று காலை டாக்டர் ஹெப்சிபா என்னைக் கூப்பிட்டார். சின்ன வயது டாக்டர். பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். மாமா சாத்தூரிலிருந்து வருகிறார் என்றேன். ஒரு ஸ்கேன் கவரின் பின்பக்கம் பேனாவால் படம் வரைந்து காட்டினார்.

தலைக்கு ரத்தம் கொண்டுபோவது நாலு குழாய். முன்கழுத்தில் இரண்டு. தொட்டால் துடிக்குமே, அவைதான். பேர் கரோட்டிட். ஒவ்வொன்றும் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை முகத்துக்கும் மண்டைத் தோலுக்கும், இன்னொரு கிளை மூளைக்குள்ளும் போகிறது. பின்கழுத்தில் இரண்டு. இவற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. கழுத்தெலும்பு ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒரு ஓட்டை இருக்கிறதாம். அந்த ஓட்டைகள் வழியாகவே நுழைந்து நுழைந்து மேலே ஏறுகின்றன. பேர் வெர்டிப்ரல்.

பேண்ட் இடுப்பில் நாடா கோர்ப்பது மாதிரி, என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

மேலே போனதும் பின்னால் இருக்கிற இரண்டும் சேர்ந்து ஒரே குழாய் ஆகிவிடும். அது கொடுக்கும் ரத்தத்தில்தான் மூச்சு, விழுங்குவது, பேச்சு, கை கால் எல்லாம். அதற்கும் மேலே முன்குழாயும் பின்குழாயும் ஒரு வட்டமாக இணைந்திருக்கும். ஒன்று அடைத்தால் மற்றது கொடுக்கத்தான் அந்த வட்டம். "உங்க அம்மாவுக்கு அந்த இணைப்பு ரொம்ப மெலிசு. நெறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும். தெரியாமலே வாழ்ந்துட்டுப் போயிடுவாங்க" என்றார்.

அம்மாவுக்கு இடது பின்குழாய் உள்பக்கம் கிழிந்திருக்கிறது. குழாய்க்கு உள்துணி, வெளித்துணி மாதிரி அடுக்கு உண்டு. உள்துணி விட்டுப்போனால் ரத்தம் நடுவில் புகுந்து உறைந்துவிடும். உறைந்தது மேலே போய் அந்த ஒற்றைக் குழாயை அடைத்துவிட்டது. பல பேருக்குக் கிழிந்த அன்றே ஒன்றும் தெரியாதாம். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியுமாம்.

மேலே போகும் இடத்தில், முதல் இரண்டு எலும்புக்கு நடுவில், குழாய் வளைந்து போகிறது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். "கழுத்த வேகமா திருப்பினா இங்கதான் இழுபடும். கீழ விழுந்தாங்களா? யாராவது கழுத்தத் திருப்பி நெட்டி எடுத்தாங்களா?"

பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். கேள்வி கேட்பார்கள். எனக்குப் பதில் தெரியும். எழுந்து நிற்கக் கால் வராது. தெரியாதவள் என்று உட்கார வைத்துவிடுவார்கள். அப்படியே மூன்று வருடம் போய், ஒரு நாள் போவதையே விட்டேன்.

இல்லை என்று சொன்னேன்.

வராண்டாவில் பாய்க்கு இடம் கிடைத்திருக்கிறது. குழாயடியில் கூட்டம் குறைந்ததும் அம்மாவின் புடவையை அலசிக் காயப்போட்டேன். சாப்பாட்டுப் பையில் கிடந்த இந்த டைரியில் மூன்றாம் தேதிப் பக்கத்தை மடித்து, நாடா கோர்க்கும் ஊக்கை எடுத்துக் குத்தி மூடினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சேது மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் வரை வந்து, இறக்கிவிட்டு அப்படியே வந்தார். காக்கிச் சட்டையோடு ஐசியூ வாசலில் உட்கார்ந்து அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. பிறகு டாக்டரிடம் போய் எல்லாம் கேட்டுவிட்டு வந்தார்.

"நெட்டி எடுத்தா இப்படி ஆகுமாம்த்தா. உங்க கம்பெனியில எவளோ ஒருத்தி எல்லாருக்கும் கழுத்த முறிப்பாளாம்ல? அக்கா போன தடவ ஊருக்கு வந்தப்ப சொல்லிச் சிரிச்சா. அவதானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லுத்தா. பயப்படாத."

நான் செய்தது தலையைக் குனிந்தது மட்டும்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மா கண் விழித்தாள்.

கை அசையவில்லை, கால் அசையவில்லை, வாய் அசையவில்லை. கண் மட்டும் மேலேயும் கீழேயும் போகிறது. உள்ளே எல்லாம் தெளிவாக இருக்கிறது, நாம் பேசுவது எல்லாம் கேட்கிறது, புரிகிறது என்றார் டாக்டர் ஹெப்சிபா. அம்மாவின் காதருகே குனிந்து, "சீனியம்மா, ஆமான்னா மேல பாருங்க. இல்லன்னா கண்ண மூடுங்க. சரியா?" என்றார். அம்மா மேலே பார்த்தாள்.

"இது உங்க பொண்ணா?"

மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் போதும் என்ற பிறகும்.

தலை சீவிவிட்டேன். சிக்கு இருந்தது. வலிக்குதாம்மா என்றேன். கண்ணை மூடினாள். தாகமா என்றேன். மேலே. தண்ணீர் கொடுக்கக் கூடாது. பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். தலையில் கை படாமல், சீப்பை மட்டும் தொட்டுச் சீவ முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

தங்கமணி அக்கா காலை பஸ்ஸில் வந்தாள். டப்பாவில் உப்புமா, ஒரு சீப்பு வாழைப்பழம், அம்மாவின் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி மிஷின் டிராயரில் கிடந்ததாம். வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "சாப்புட்டயா கண்ணு? மூஞ்சியப் பாரு, எலும்பாட்டம் இருக்குது" என்றாள்.

மாமா எழுந்து வந்தார். "நீதான் தங்கமணியா?"

"ஆமாங்."

"எங்கக்கா கழுத்த என்ன பண்ணுன?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. மாமா டாக்டர் சொன்னதைச் சொன்னார். வராண்டாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் திருப்பலீங்களே. சனிக்கிழம தோள அமுக்கித்தான் உட்டேன். சீனியம்மா திருப்ப உடமாட்டாளுங். இந்தப் புள்ளயக் கேளுங்க, பக்கத்துலதான் இருந்துச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாய் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை.

"அது பயந்த புள்ள. அதக் கேக்காத" என்றார் மாமா. "எங்கக்காவையே கேப்போம்."

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் நர்ஸிடம் கெஞ்சி மூன்று பேரும் உள்ளே போனோம். மாமா அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "அக்கா, உன் கழுத்தத் திருப்புனது இவளா?"

அம்மா அக்காவைப் பார்க்கவில்லை. மாமாவுக்குப் பின்னால் நின்ற என்னைத்தான் பார்த்தாள். மிஷின் நாலைந்து மூச்சு விட்டது. பிறகு மேலே பார்த்தாள்.

"பாத்தியா?" என்றார் மாமா.

அக்கா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு இருபது பேருங். பழக்க தோசத்துல திருப்பிட்டனோ என்னவோ. சீனியம்மா பொய் சொல்ல மாட்டா" என்றாள். உப்புமா டப்பாவை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாமா டீ குடிக்கப் போன நேரத்தில் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, நான்தான்னு உனக்குத் தெரியுமா?"

மேலே.

"வலிச்சுச்சாம்மா, அன்னைக்கு?"

கண்ணை மூடினாள். மூடியே வைத்திருந்தாள்.

"மாமாகிட்டச் சொல்லிரவா?"

மூடியேதான் இருந்தாள். வலித்ததா என்றதற்கு மூடிய கண்ணா, இதற்கும் சேர்த்தா என்று தெரியவில்லை. மறுபடி கேட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாக, நான் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாதபடி இறுக்கி மூடினாள். ஓரத்தில் தண்ணீர் காதுக்கு ஓடியது. துடைத்தேன்.

அம்மாவிடம் இருந்தது இரண்டே சொல். அதில் ஒன்றை எனக்காகப் பொய்யாகச் செலவு செய்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

டாக்டர் ஹெப்சிபாவிடம் நானாகப் போய்க் கேட்டேன். வாழ்க்கையில் நானாக ஒருவரிடம் போய்க் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"யாராவது திருப்புனாத்தான் கிழியுமா மேடம்?"

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "உனக்கு எத்தன வயசும்மா?"

"பதினேழு."

"திருப்பாமலும் கிழியும். இருமினாலே கிழிஞ்சவங்க இருக்காங்க. சில பேருக்குக் கிழிஞ்சதாலதான் கழுத்து வலியே வரும். அந்த வலிக்குத்தான் போய் நெட்டி எடுத்துக்குவாங்க. எது முதல்லன்னு ஸ்கேன் பார்த்துச் சொல்ல முடியாது. என்னால மட்டும் இல்ல, யாராலயும் முடியாது." பிறகு, "இத நீ நல்லா ஞாபகம் வச்சுக்கணும்" என்றார்.

வைத்திருக்கிறேன். அதனால்தான் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். ஆனால் என் கைக்கு அந்த மூன்று சத்தமும் ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

அம்மாவுக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இன்று கண் மேலே போகவே இல்லை. கூப்பிட்டேன். மூடவும் இல்லை.

முன்கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். கரோட்டிட் துடித்துக்கொண்டிருந்தது, ஒன்றும் நடக்காத மாதிரி. அதற்குத் தெரியாது.

ஆகஸ்ட் 16, சனி

காலை ஆறு ஐம்பதுக்கு அம்மா போய்விட்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. சாத்தூர்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. நூறு பேர் சாப்பிட்டார்கள். பாத்திரம் தேய்த்தேன். அத்தை நல்லவள். இனிமேல் இங்கேயே இரு என்கிறாள். அவள் பிள்ளைகளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது. நான் பேசாவிட்டாலும் அவர்களே பேசிக்கொள்கிறார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மாமா சொன்னார்: "நாளைக்கு நீ திருப்பூருக்குப் போயி துணிமணி, பாத்திரத்தக் கட்டி வையி. வியாழக்கெழம நான் லாரியோட வந்து ஏத்திக்கிறேன். அப்படியே ஸ்டேசனுக்குப் போயி அந்தப் பொம்பள மேல எழுதிக் குடுத்துட்டு வருவோம். இன்னொரு குடும்பம் சீரழியக் கூடாதுல்ல."

சரி என்று தலையாட்டினேன். என் தலை எல்லாவற்றுக்கும் தானாக ஆடுகிறது.

செப்டம்பர் 1, திங்கள். திருப்பூர்.

வீட்டைத் திறந்தேன். அடுப்புப் பக்கத்தில் ரசச் சட்டி. அன்றைக்கு வைத்தது. பூசணம் பிடித்திருந்தது. சட்டியைத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வேண்டுமென்றே மெதுவாகத் தேய்த்தேன்.

கம்பெனியில் இரண்டு நாள் வேலை செய்துவிட்டுக் கணக்கு முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா மிஷினில் வேறு ஒரு பெண். டீ டைமில் யாரும் யார் கழுத்தையும் தொடவில்லை. மாமா போனில் மேனேஜரிடம் பேசியிருக்கிறார். எல்லாரும் கூட்டமாக ஒரு பக்கம். தங்கமணி அக்கா தனியாக, சுவரைப் பார்த்து டீ குடித்தாள். அக்கா பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தார்கள். ஸ்டேஷன் கேஸ் என்றால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்கள் என்று பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை. வந்தால் நான் பயப்படுவேன் என்று நினைத்திருப்பாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் நூறு பேண்ட் கொடுத்தார்கள். ஊக்கு இல்லை. டைரியில் குத்தியிருந்ததை எடுத்தேன். மூன்றாம் தேதிப் பக்கம் திறந்துகொண்டது. ஆளுக்கு ஒண்ணு, என்று அம்மா சொன்னது வரை படித்தேன்.

டீ மணி அடித்ததும் அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, நீங்க திருப்பல."

"உடு கண்ணு."

"நீங்க தோளத்தான் அமுக்குனீங்க. நான் பாத்தேன். ஞாயித்துக்கெழம வீட்ல வச்சு நான்தான் திருப்புனேன். உங்களப் பாத்துப் பாத்துத்தான் படிச்சேன். ரெண்டு பக்கமும் திருப்புனேன்."

அக்கா டீயைக் கீழே வைத்தாள். "உங்கம்மா என்னயத்தான சொன்னா?"

"பொய்க்கா. எனக்காகச் சொன்னாங்க. சொல்ல வேணாம்னும் சொன்னாங்க."

அக்காவின் முகம் எப்படி எல்லாமோ மாறியது. இருபது நாளாக அவள் தூங்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே அப்படிக் கறுத்திருந்தது.

"உன்னயப் பளார்னு ஒண்ணு உடோணும்னு வருது" என்றாள். "ஆனா கையத் தூக்கவே பயமா இருக்குது போ." கை இரண்டையும் சேலை முந்தியில் சுற்றிக்கொண்டாள். "எம்புள்ள தலையப் பின்னி உடக்கூட நான் தொடலடி இத்தன நாளா."

நான் அழவில்லை. அழுதால் அவள் விட்டுவிடுவாள் என்று தெரியும்.

"சீனியம்மாவ நான் குத்தம் சொல்லல. எம்புள்ளைக்கின்னா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். மணி அடித்தது. எழுந்தாள். "ஆனா நான் உனக்கு அம்மா இல்ல. உங்க மாமங்கிட்டச் சொல்லீரு."

மிஷினில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் மாமாவுக்குப் போன் செய்தேன். வீட்டில், கட்டி வைத்த பாத்திர மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் கவர் மடியில் இருந்தது. நாலு குழாய், ஒரு வட்டம், ஒரு புள்ளி.

"சொல்லுத்தா. ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார் மாமா.

"ஓரமா நிறுத்துங்க மாமா."

நிறுத்தினார். "என்னத்தா?"

அம்மா கண்ணை இறுக்கி மூடியது நினைவுக்கு வந்தது. அம்மா வேண்டாம் என்று சொல்லி நான் எதையும் செய்ததில்லை. போன்தானே, உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம். ஏனோ எழுந்து நின்றேன். நின்றுகொண்டு சொன்னேன். அம்மா கேட்டது, நான் மாட்டேன் என்றது, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் இரண்டு, டாக்டரிடம் இல்லை என்று சொன்னது, அம்மா மேலே பார்த்தது, எல்லாம். ஒன்றையும் விடவில்லை.

மாமா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்ல யாரும் இல்லாததால் நான் நின்றுகொண்டே இருந்தேன்.